நகப்பூச்சு வைக்காத பானை

எங்கள் தோட்டம் இப்போது தோட்டம் இல்லை. ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையில் பாதி போய்த் தாமான் குடியிருப்பு வீடுகள் வந்தன. மிஞ்சியிருப்பது பழைய பள்ளிக்கூடத் திடலும் அதன் ஓரத்தில் ஏழெட்டு ரப்பர் மரங்களும்தான். கோப்பெங்கிலிருந்து காரில் பத்து நிமிடம். வருடத்துக்கு ஒரு சனிக்கிழமை, பள்ளி விடுமுறையில், அந்தத் திடலில் சந்தை போடுவார்கள். தோட்டத்தில் பிறந்து ஈப்போ, தாப்பா, கமுந்திங் என்று சிதறிப்போனவர்கள் எல்லோரும் அன்று வந்துவிடுவார்கள்.

வந்தவர்களில் சிலர் அந்த மரங்களைத் தடவிக்கொண்டு கண் கலங்குவார்கள். எனக்கு அப்படியெல்லாம் ஒன்றும் வராது. குழாயடியில் வாளி போட்டுக் காத்திருந்ததும், மழைக்காலத்தில் காலெல்லாம் அட்டை ஏறியதும் எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. நான் போவது சாப்பிடுவதற்கும், நாலு பேரைக் கிண்டல் செய்வதற்கும்தான். கிண்டலுக்கு அங்கே பஞ்சமில்லை. ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டிக் காட்டுகிறோம் என்று காலை பத்து மணிக்கு மேல் கத்தியும் கையுமாக நிற்பார்கள். அந்த வெயிலில் எந்த மரம் பால் விடும்? எங்கள் அப்பா விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போனவர். இவர்கள் தலையில் தொப்பி, கையில் கைப்பேசி. மரமும் பாவம், படத்துக்காக நாலு சொட்டு விடும்.

ஆனால் சந்தை நல்ல சந்தை. மலைப்பக்கத்திலிருந்து ஒராங் அஸ்லிப் பழங்குடிப் பெண்கள் வந்து தாழை ஓலையில் கூடை முடைவார்கள். கோலகங்சாரிலிருந்து ஒருவர் கறுப்புச் சுரைக்காய் போலிருக்கும் மண்கூஜாக்களைக் கொண்டுவந்து, தண்ணீர் ஊற்றிக் குடித்துப் பார்க்கச் சொல்வார். தாப்பாவிலிருந்து உறுமி மேளக்காரர்கள். பக்கத்து மலாய்க் கம்பத்திலிருந்து கொம்பாங் பறை அடிக்கும் இளைஞர்கள். இரண்டு கூட்டமும் ஒரே நேரத்தில் அடிக்கத் தொடங்கினால் ஒலிபெருக்கிக்காரருக்குத் தலை சுற்றிவிடும். ஒரு சீன அம்மாள் தம்பூன் ஊர்ப் பொமெலோப் பழத்தை உரித்து, வேண்டாம் என்று சொல்வதற்குள் வாயில் திணிப்பார். எங்கள் மாதாகோயில் பெண்கள் நாங்கள் ஒரு கொட்டகை போட்டு அச்சுமுறுக்கு சுடுவோம். சுடுவது அவர்கள், குறை சொல்வதும் பெயர்ச்சீட்டு ஒட்டுவதும் நான்.

சீட்டு ஒட்டுவது என் தொழில். ஈப்போவில் ஒரு தொழிற்சாலையின் சாமான் கிடங்கில்தான் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று வெளியே எழுதியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வீட்டிலும் அப்படித்தான். அசந்தால் தன் நெற்றியிலும் ஒன்று ஒட்டிவிடுவேன் என்று என் தம்பி சொல்வான்.

எங்கள் கொட்டகைக்குப் பக்கத்தில் அண்ணனுடைய கொட்டகை. கூடப் பிறந்த அண்ணன் இல்லை, தமிழ் முஸ்லிம். அவருடைய அத்தா எங்கள் தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவர். இப்போது அண்ணனுக்கு ஈப்போவில் சாப்பாட்டுக்கடை. நோன்பு மாதத்தில் அவர் அம்மா பெரிய பானையில் கஞ்சி காய்ச்சுவார். கொத்துக்கறியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் ரம்பை இலையும் போட்ட கஞ்சி. தோட்டத்து லயவீடுகளின் பிள்ளைகள் எல்லோரும், இந்து, கிறிஸ்துவர் என்று பாராமல், தகரக் குவளையோடு போய் நிற்போம். சந்தைக்கு வருகிறவர்கள் அந்தக் கஞ்சியைத்தான் கேட்பார்கள். அதனால் நோன்பு மாதம் இல்லாவிட்டாலும் அண்ணன் அன்று ஒரு நாள் அதைக் காய்ச்சி, பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லோருக்கும் சும்மா கொடுப்பார்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அண்ணன் என் வீட்டில் சாப்பிடுவார். இது சின்ன விஷயம் இல்லை. எங்கள் ஆட்கள் பன்றிக்கறி சமைப்பவர்கள் என்று ஊருக்கே தெரியும். கிறிஸ்துவர் வீட்டுக்கு வரும் முஸ்லிம் நண்பர்கள் பலர் டின் பானத்தைக் குடித்துவிட்டு, வயிறு சரியில்லை என்று எழுந்துவிடுவார்கள். நான் அதைத் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் என் வீட்டில் யாரும் அப்படி எழுந்து போகக்கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஒரே மாதிரி இரண்டு பெரிய அலுமினியப் பானைகள் வைத்திருந்தேன். பன்றிக்கான பானையின் கைப்பிடியில் சிவப்பு நகப்பூச்சு தடவியிருக்கும். அதற்கென்று தனிக் கரண்டி, தனித் துடைப்புத் துணி, தனி அலமாரி. அண்ணன் ஒருமுறை அந்தச் சிவப்புக் கைப்பிடியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து என் வீட்டில் எதையும் எதில் சமைத்தாய் என்று கேட்டதே இல்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் நடந்த சந்தையில், காலை ஏழரை மணிக்கு அண்ணன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். அரிசி வந்திருந்தது, கறி வந்திருந்தது, அடுப்பும் வந்திருந்தது. பானையைக் கடைப் பையன்கள் ஈப்போவிலேயே மறந்துவிட்டார்கள். போய் எடுத்துவந்தால் கஞ்சி பன்னிரண்டு மணிக்குக் குழையாது. அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் முந்திரிக்கொட்டை. சிராப் சர்பத் கலக்குவதற்கு நான் கொண்டுவந்த பானை இன்னும் காரிலேயே இருந்தது. ஓடிப்போய்த் தூக்கிவந்து அவர் அடுப்பில் நானே வைத்தேன். கைப்பிடியைப் பார்த்தேன். சிவப்பு இல்லை. சுத்தமான பானை. அண்ணன் கழுவி அரிசியைப் போட்டார். அப்போதும் கேட்கவில்லை.

பதினொரு மணிக்குத் தம்பி வந்தான். அவனுக்குக் கமுந்திங்கில் வேலை, இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருந்தான். முறுக்கு ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே பக்கத்துக் கொட்டகையைப் பார்த்தவன் கடிப்பதை நிறுத்திவிட்டான். என் முழங்கையைப் பிடித்துக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப்போனான்.

"அக்கா, அது கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நாம சமைச்ச பானைதானே?"

அவன் மேற்கொண்டு சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதற்கு முந்தைய கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சொந்தக்காரர்கள் எல்லோரும் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பன்றிக்கறி வேகும்போதே சிவப்புப் பானையின் கைப்பிடி கழன்றுவிட்டது. தம்பி மற்றப் பானைக்கு மாற்றட்டுமா என்று கேட்டான். நான் சரி என்றேன். இனிமேல் அதையே பன்றிக்கு வைத்துக்கொள்ளலாம், வேறு பானை வாங்கிவிடலாம் என்றும் சொன்னேன். நகப்பூச்சைத் தேடினேன், காய்ந்து கட்டியாகக் கிடந்தது. வாங்கித் தடவுவோம் என்று விட்டுவிட்டேன். உடைந்த பானை பழைய இரும்புக்காரரிடம் போனது. வீட்டில் இருந்தது ஒரே ஒரு பானை. அதன் கைப்பிடியில் குறி இல்லை. குறி இல்லாவிட்டால் சுத்தம் என்று பழகிப்போன என் புத்தி, ஆறு மாதம் கழித்து அதைத் தூக்கிக் காரில் வைத்துவிட்டது. வேலையில் மற்றவர்களை இதற்காக எத்தனை முறை திட்டியிருப்பேன்.

தம்பி என்னைவிடப் பொறுமைசாலி. பானையை எத்தனையோ முறை சோப்புப் போட்டுக் கழுவியாகிவிட்டது, அதில் ஒன்றும் ஒட்டியிருக்காது என்றான். தெரியாமல் சாப்பிட்டால் அவர்களுக்குப் பாவம் இல்லை, அண்ணனே ஒருமுறை அப்படிச் சொல்லியிருக்கிறார் என்றான். சொன்னால்தான் அவர் மனம் கெடும், சொல்லாவிட்டால் யாருக்கும் ஒன்றுமில்லை என்று கெஞ்சினான்.

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டால் அண்ணன் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார், அடுத்த கிறிஸ்துமஸுக்கும் வருவார். பேசினால் அவர் என் வீட்டில் இனித் தண்ணீர்கூடக் குடிக்காமல் போகலாம். நான் கொட்டகை ஓரத்தில் நின்று இதையே யோசித்துக்கொண்டிருக்கும்போது, அண்ணன் மூடியைத் திறந்து, கரண்டியால் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டு, ஊதி, உப்புப் பார்த்தார். நன்றாக வந்துவிட்டது போல, தலையை ஆட்டிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்குப் பாவம் இல்லை என்றால் அது காற்றில் போய்விடுமா? முழுவதும் என் தலையில்தான் வரும். அதைவிட, இனி ஒவ்வொரு வருடமும் அவர் என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும்போது நான் அந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். என்னால் முடியாது.

வரிசை ஏற்கெனவே நீண்டிருந்தது. முன்னால் கொம்பாங் இளைஞர்கள், அடித்து முடித்த களைப்பில் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் போய் அண்ணனைக் கொஞ்சம் தள்ளி வரச் சொன்னேன். எனக்கு முதல் கிண்ணம் வேண்டுமென்று நினைத்துக்கொண்டார்; சிரித்தபடி வந்தார்.

"அண்ணே, அந்தப் பானையில போன கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பன்னி சமைச்சோம். நான் மறந்துட்டேன். யாருக்கும் கொடுக்காதீங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்தார். நேராகப் போய் அடுப்பை அணைத்தார். திரும்பி வந்தபோது அவர் முகம் எனக்குப் பழக்கமில்லாத முகமாக இருந்தது.

"கிறிஸ்துமஸுக்கு நான் உன் வீட்டுல சாப்பிட்டேனே, அந்தச் சோறு எந்தப் பானை?"

நான் எதிர்பாராத கேள்வி இது. இன்றைக்கு நடந்ததற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டால் போதும் என்று வந்தவள் நான்.

"அதே பானைதான் அண்ணே. ஆனா அன்னைக்கு அது சுத்தமா இருந்துச்சு. மறுநாள்தான் மாத்துனோம்."

ஒரே ஒரு நாள் வித்தியாசம். அந்த ஒரு நாளை நான் எதைக் காட்டி மெய்ப்பிப்பது? சொல்லும்போதே எனக்கே அது சாக்கு மாதிரி கேட்டது. அண்ணன் நம்பினாரா இல்லையா என்று அவர் முகத்திலிருந்து தெரியவில்லை. அவர் பிஸ்கட் பெட்டி ஒன்றைக் கிழித்து, அட்டையை என்னிடம் நீட்டினார்.

"கொட்ட வேணாம், மத்தவங்க சாப்பிடலாம். ஆனா என் கொட்டகையிலேர்ந்து போகக்கூடாது. ஹலால் இல்லன்னு நீயே எழுது, நீயே ஊத்து. ஏன்னு கேட்டா நீயே சொல்லுலா."

எழுதினேன். தமிழில் ஒன்று, மலாயில் ஒன்று. எழுத்து கோணல் மாணலாக வந்தது. தம்பி பானையை எங்கள் கொட்டகைக்குத் தூக்கிவந்தான். கொம்பாங் இளைஞர்கள் அட்டையைப் படித்துவிட்டு, கிண்ணங்களைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் நின்றார்கள். ஒவ்வொருவரும் கேட்டார்கள். அண்ணன் கஞ்சி எப்படி ஹலால் இல்லாமல் போகும்? ஒவ்வொருவரிடமும் சொன்னேன். பானை என்னுடையது, தவறு என்னுடையது. கூடப் படித்த ஒருத்தி சிரித்தாள். வேறொருவர், சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரியும் என்று என் காதருகே ரகசியம் போலச் சொன்னார். அவர் கிண்ணத்தில் பாதிக்கு மேல் நான் ஊற்றவில்லை. அது என் கோபம். நியாயமில்லாத கோபம்தான், ஒரு மணி நேரத்துக்கு முன் நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஊற்றிக்கொண்டே அண்ணனைப் பார்த்தேன். திடலின் கோடியில் இருந்த குழாயடிக்குப் போனார். குனிந்து, மரத்தடியில் சுத்தமான மண்ணாகப் பார்த்து அள்ளி, ஒரு வாளித் தண்ணீரில் கரைத்தார். முதலில் மண் தண்ணீரால் கைகளைக் கழுவினார். பிறகு ஆறு முறை நல்ல தண்ணீர். பன்றி பட்டதை இப்படி ஏழு முறை கழுவினால்தான் அவர்களுக்குச் சுத்தம். வாயையும் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினார். கரண்டியைக் கழுவினார். அடுப்பின் இரும்பு வளையத்தையும் கழுவினார். சட்டை முழுவதும் நனைந்துவிட்டது. ஒரு வயசாளி அந்த வெயிலில் என்னால் இப்படிக் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார். போய் உதவ முடியாது. பானையைத் தொட்ட கையால் நான் தொட்டால் அது உதவி இல்லை.

மூன்று மணிக்குக் கொட்டகைகளைப் பிரித்தார்கள். உறுமிக்காரர்கள் வேனில் ஏறிய பிறகும் ஒருவன் தட்டிக்கொண்டே இருந்தான். நான் அண்ணனிடம் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தெரியாமச் சாப்பிட்டா பாவம் இல்லலா. ஆனா மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல." கொட்டகைக் கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "கிறிஸ்துமஸுக்கு வாரேன். தட்ட நானே எடுத்துட்டு வாரேன்."

அவர் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசி, அழுது, பிறகு சரியாகியிருக்கும். என்னுடைய தட்டில் சாப்பிடமாட்டேன் என்று அவ்வளவு மெதுவாகச் சொன்னதை எதைக் கொண்டு எதிர்ப்பது?

அடுத்த வாரம் அந்தப் பானையைத் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். பன்றிக்கறி இனி அங்கேதான், என் வீட்டில் இல்லை என்று முடிவாகச் சொல்லிவிட்டேன். புதுப் பானை வாங்கினேன். அதோடு விட மனம் வரவில்லை. சமையலறையில் இருந்த அத்தனை பாத்திரத்தையும் பின்வாசலுக்கு எடுத்துவந்தேன். மண் கரைத்த தண்ணீரில் ஒரு முறை, நல்ல தண்ணீரில் ஆறு முறை. கரண்டிகள், தட்டுகள், தேங்காய்த் துருவி, எல்லாம். எண்ணிக்கை தவறினால் மறுபடி முதலிலிருந்து. மாதாகோயிலுக்குப் போகிறவள் எதற்கு இதைச் செய்கிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். தம்பி வந்து பார்த்து முதலில் சிரித்தான். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டுக் குழாயைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேருக்கும் மறுநாள் இடுப்பு வலி. அண்ணனிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொன்னால் கூலி கேட்பது போல இருக்கும் என்று தோன்றியது.

கிறிஸ்துமஸ் அன்று அண்ணன் வந்தார். கையில் ஒரு துணிப்பை. பைக்குள் ஓர் எவர்சில்வர் தட்டு. வந்த விருந்தாளிகள் பார்த்தார்கள். நான் டின் பானத்தை உடைத்து வைத்தேன். அதற்கு மேல் எதையும் எடுத்து வைக்கப் பயமாக இருந்தது. அவர் மேசையில் தட்டை வைத்துக்கொண்டு, சோறு எங்கே என்பது போல என்னைப் பார்த்தார்.

புதுப் பானை என்று சொல்ல ஆரம்பித்தேன். தெரியும் என்றார். தம்பி அவருடைய கடைக்கே போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான், மண்ணையும் எண்ணிக்கையையும் இடுப்பு வலியையும். சொல்லாதே என்று என்னைக் கெஞ்சியவன், என்னிடம் சொல்லாமல் அங்கே போயிருக்கிறான். என் பானையிலிருந்து சோற்றை எடுத்து அவருடைய தட்டில் போட்டேன். கோழிக்குழம்பு ஊற்றினேன். அவர் மனசுக்குள் ஓதிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். ஒருமுறை மறுசோறு கேட்டார். நான் அடுப்படிக்குள் போய், யாரும் வராத நேரமாகப் பார்த்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டைத் தானே எடுத்துப்போய்க் கழுவினார். அவர் எப்போதும் அப்படிச் செய்கிறவர் இல்லை. நான் துணிப்பையை எடுத்து விரித்துப் பிடித்தேன். அவர் அதை வாங்கவில்லை. தட்டை உதறி, என் தட்டுகள் இருந்த அடுக்கில், அவற்றுக்கு நடுவே ஓர் இடம் பார்த்து நிறுத்தினார்.

"இங்கயே இருக்கட்டும்லா. வருஷா வருஷம் யாரு தூக்கிட்டு வர்றது."